இறக்கத்தில் ஓடினால் யானை துரத்தாதா? காட்டோர ஊர்களின் கேள்வி–பதில்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை மேற்குத் தொடர்ச்சி மலையடிவார ஊர்களிலிருந்து வந்தவை. ஒன்று மட்டும் கொள்ளிடக் கரையிலிருந்து. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

விடியற்காலையில் பால் கேனோடு பைக்கில் போகிறவன் நான். வளைவில் திடீரென்று யானை நின்றால் என்ன செய்வது? இறக்கத்தில் ஓடினால் யானையால் துரத்த முடியாது என்கிறார்களே, உண்மையா?
— வாசகர், தடாகம், கோவை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில்: உண்மை இல்லை. சரிவில் முன்கால்களை நீட்டி, பின்பகுதியைத் தாழ்த்திச் சறுக்கியபடியே யானை இறங்கிவிடும். சமதரையில் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் வேகமெடுக்கும். கல்லும் முள்ளுமான இடத்தில் நம்மால் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாது. வளைந்து வளைந்து ஓடினால் தப்பலாம் என்பதையும் நம்பாதீர்கள். அப்படி ஓடினால் உங்கள் வேகம்தான் குறையும்.

ஓட வேண்டிய நிலைக்கு வராமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். ஈரம் காயாத சாணம், பால் வடியும் ஒடிந்த கிளை, நாய்கள் ஒரே பக்கம் பார்த்து விடாமல் குரைப்பது, காற்றில் வரும் கனத்த தொழுவ வாடை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நின்றுவிடுங்கள். யானை கண்ணில் பட்டால், பட்ட இடமே உங்கள் எல்லை. 100 மீட்டருக்குள் இருந்தால் பின்வாங்குங்கள். ஹாரன் அடிக்காதீர்கள், லோ பீமுக்கு மாறுங்கள், வண்டியைத் திருப்பி நிறுத்திவிட்டுக் காத்திருங்கள். ஒரு யானை சாலையைக் கடந்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். பெண் யானை அந்தப் பக்கமும் குட்டி இந்தப் பக்கமும் இருக்க, நடுவில் நுழைந்தவரை அது விடாது. கடைசி யானை போனதாகத் தோன்றிய பிறகும் பத்து, பதினைந்து நிமிடம் பொறுங்கள்.

காது சீராக ஆடிக்கொண்டு, வால் தளர்ந்து, மேய்ச்சலில் இருந்தால் யானை நிதானமாக இருக்கிறது என்று கொள்ளலாம். காது ஆடுவது சட்டென்று நிற்பது, தும்பிக்கை நுனி உங்கள் பக்கம் திரும்பி மோப்பம் பிடிப்பது, வால் விறைப்பது, முன்காலால் மண்ணைத் தட்டுவது எல்லாம் "நீ வந்தது தெரியும், போ" என்பதற்கான அடையாளங்கள். காதை விரித்துப் பிளிறிக்கொண்டு சில அடி ஓடிவந்து நிற்பது பெரும்பாலும் மிரட்டல். தும்பிக்கையைச் சுருட்டி உள்ளே வைத்து, சத்தமில்லாமல் வருவது நிஜத் தாக்குதல். ஆனால் இரண்டில் எது என்று நின்று ஆராய்ச்சி செய்ய வேண்டாம். முகத்தில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே நீர் வழிந்து கறை படிந்திருந்தால் அது மதத்தில் உள்ள ஆண் யானை. அதற்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. இரண்டு மடங்கு தூரம் விடுங்கள்.

வந்தே விட்டால் வண்டியைப் போட்டுவிடுங்கள். தோள் பையையோ துண்டையோ வழியில் எறியுங்கள். யானை நின்று அதை மோந்து பார்க்கும் சில விநாடிகள் உங்களுக்குக் கிடைக்கும். கான்கிரீட் கட்டடம், அடுத்தடுத்து நிற்கும் பெருமரங்கள், யானை இறங்க முடியாத குறுகிய பள்ளம் என்று இடையில் தடை இருக்கும் இடத்தை நோக்கி ஓடுங்கள். யானைக்குப் பார்வை மங்கல், மோப்பம் கூர்மை. காற்று உங்கள் பக்கமிருந்து அதன் பக்கம் வீசினால் மறைந்து நிற்பதில் பயனில்லை.

ராத்திரியில் யானை வந்து சமையலறைச் சுவரை இடிக்கிறது. மூன்று தடவை சுவரைக் கட்டியாயிற்று. தேடித்தேடி எங்கள் வீட்டுக்கே வருவது ஏன்?
— வாசகி, கூடலூர்

அரிசியும் உப்பும்தான் காரணம். காட்டில் நாள் முழுக்க மேய்ந்து 150 கிலோ அளவுக்குத் தழை, புல், பட்டை தின்றால்தான் பெரிய யானைக்கு வயிறு நிறையும். ஒரு மூட்டை அரிசியில் அந்தச் சத்து சில நிமிடத்தில் கிடைத்துவிடுகிறது. ருசி கண்டபின் அது பழக்கமாகிறது. 2023இல் கேரளத்தில் பிடிக்கப்பட்டு, கம்பம் வழியாகத் தேனி மாவட்டத்துக்குள் வந்த அரிக்கொம்பன் என்ற யானைக்கு அந்தப் பெயர் (மலையாளத்தில் 'அரி' என்றால் அரிசி) வந்ததே அரிசிக்காக ரேஷன் கடைகளை உடைத்ததால்தான்.

சுவரைத் தடிப்பாக்குவதை விட அரிசியை இடம் மாற்றுவது பலன் தரும். வெளிச்சுவரை ஒட்டியோ ஜன்னலுக்குக் கீழேயோ மூட்டையை வைக்காதீர்கள். வீட்டின் நடுப்பகுதியில், இறுக மூடும் டிரம்மில், ஒரு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வையுங்கள். டிரம் வாடையை முழுதாக அடைக்காது, குறைக்கும். மாதத்துக்கான அரிசியை ஊரில் கான்கிரீட் கூரை உள்ள ஒரே கட்டடத்தில் எல்லோருமாகச் சேர்த்து வைத்தால், அந்த ஒரு கட்டடத்தைப் பாதுகாத்தால் போதும். உப்பு, வெல்லம், மாட்டுக்கு ஊறவைத்த தீவனம், கழுநீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் இதே விதி. யாராவது சாராய ஊறல் போட்டு வைத்திருந்தால் அதன் வாடைக்கு யானை நிச்சயம் வரும். அதை எழுதிக் கேட்கத்தான் யாரும் துணிவதில்லை!

வீட்டை ஒட்டிய பலாவில் காய் பழுக்கும்வரை விடாமல் பிஞ்சிலேயே இறக்கிவிடுங்கள். கொல்லையில் வாழை வேண்டுமென்றால் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். சமையலறைக்கு அடுத்த அறையில் படுக்காதீர்கள். வீட்டுக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டு வாசல் இருப்பது அவசியம். யானை சுவரில் கை வைத்துவிட்டால் கத்தி, டார்ச் அடித்து அதைக் குழப்பாதீர்கள். மறுபக்க வாசல் வழியாகச் சத்தமின்றி வெளியேறி அடுத்த கான்கிரீட் வீட்டுக்குப் போங்கள்; அந்தப் பக்கமும் யானை நிற்கிறதா என்று பார்த்துவிட்டு இறங்குங்கள்.

வால்பாறையில் யானை நடமாட்டத்தைக் கைப்பேசிச் செய்தியாக அனுப்புவதும், முக்கிய இடங்களில் கைப்பேசி மூலம் எரியவிடும் சிவப்பு விளக்குகளும் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளன. நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தோட்டத் தொழிலாளர்களையும் வனத்துறையையும் சேர்த்துக்கொண்டு செய்த ஏற்பாடு இது. விளக்கு எரிந்தால் அந்த வழியே போவதில்லை, அவ்வளவுதான். யானையை விரட்டுவதற்குச் செலவிடும் பணத்தில் சிறுபகுதியை யானை எங்கே நிற்கிறது என்று அறிவதற்குச் செலவிட்டால் உயிர்ச்சேதம் குறையும் என்பது எங்கள் கருத்து.

அந்த யானையைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் பிரச்சினை தீராதா?
— அதே ஊரிலிருந்து மூவர்

பெரும்பாலும் தீராது. 2019 ஜனவரியில் தடாகம் பகுதியிலிருந்து சின்னத்தம்பி என்ற யானையைப் பிடித்து ஆனைமலைக் காட்டில் டாப்சிலிப் அருகே விட்டார்கள். சில நாட்களில் அது உடுமலைப்பேட்டைப் பக்கம் கரும்புக் காட்டில் வந்து நின்றது. பிப்ரவரியில் மறுபடி பிடிக்க வேண்டியதாயிற்று. காடு மாறினாலும் பயிரின் ருசி மறப்பதில்லை. ஒரு ஆண் யானை போன இடத்துக்கு இன்னொன்று வருவதும் உண்டு.

கடன் வாங்கி சோலார் வேலி போட்டேன். மூன்றே மாதத்தில் யானை தள்ளிவிட்டு உள்ளே வந்துவிட்டது. கம்பெனிக்காரர் யானையைக் குறை சொல்கிறார். எங்கே தப்பு?
— விவசாயி, தாளவாடி

சோலார் வேலி தடுப்புச் சுவர் மாதிரி அல்ல. யானைக்குப் பாடம் சொல்லும் கருவி. ஷாக் பலமாகவும் தவறாமலும் இருந்தால்தான் பாடம் பதியும். ஒரு வாரம் பலவீனமாக இருந்தாலும் யானை எதிர்ப்பாடம் படித்துவிடும். கீழே சொல்லும் வரிசையில் சோதித்துப் பாருங்கள்.

முதலில் எர்த். நாங்கள் அறிந்தவரை பாதிக்கு மேற்பட்ட வேலிகள் படுப்பது இங்கேதான். எனர்ஜைசரிலிருந்து (வேலிக்கு மின்துடிப்பு அனுப்பும் பெட்டி) கம்பி வழியே போகும் துடிப்பு யானையின் உடல் வழியாக மண்ணுக்கு வந்து, எர்த் கம்பி வழியே திரும்பினால்தான் ஷாக். ஒற்றைக் கம்பியைக் காய்ந்த கல்லாங்குத்தில் அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். சுமார் 2 மீட்டர் நீளமுள்ள ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய் குறைந்தது மூன்று, மூன்று மீட்டர் இடைவெளியில், ஈரம் நிற்கும் இடத்தில் இறக்குங்கள். கோடையில் அங்கே தண்ணீர் ஊற்றுங்கள். வீட்டு மின் இணைப்பின் எர்த்தோடு இதைச் சேர்க்கக் கூடாது. பத்து மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும்.

அடுத்து, வேலியின் கடைக்கோடியில் எத்தனை வோல்ட் என்று பார்க்க ஒரு வேலி வோல்ட்மீட்டர் வாங்குங்கள். யானைக்கு ஐந்தாயிரம் வோல்ட்டாவது நிற்க வேண்டும். ஆறு, ஏழாயிரம் என்றால் நல்லது. எனர்ஜைசர் பக்கம் நிறைய இருந்து கடைசியில் குறைந்தால் வழியில் கசிகிறது. புல், உண்ணிச்செடி, கொடி, விரிசல் விட்ட இன்சுலேட்டர், முறுக்கிக் கட்டிய துருப்பிடித்த இணைப்பு என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கம்பிக்கு இருபுறமும் ஒரு மீட்டர் களை எடுக்காவிட்டால் வேலி வெறும் கம்பிதான்.

மூன்றாவது, கம்பம். தந்தத்தில் மின்சாரம் பாயாது. ஆண் யானை தந்தத்தால் கம்பியை அறுக்கும், அல்லது ஷாக் இல்லாத கம்பத்தைக் காலால் தள்ளும். அதனால் கம்பத்திலிருந்து வெளிப்பக்கமாக ஒன்று, ஒன்றரை அடி நீளும் மின்கம்பித் துண்டுகளைப் பொருத்த வேண்டும். வேலியின் மேல் சாய்க்கும்படி பக்கத்தில் மரம் நின்றால் யானை அதைச் சாய்க்கும். அந்த இடத்தில் வேலியின் தடத்தை மாற்றிப் போடுங்கள்.

நான்காவது, பழக்கம். பகலில் அணைத்து, யானை வந்த பிறகு போடுவது, பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றாமல் விடுவது, பேனலில் தூசி, அறுவடை முடிந்தபின் வேலியை அப்படியே கைவிடுவது. யானை மாதம் ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கும். தொட்டபோது ஒன்றுமில்லை என்றால் அடுத்த பருவத்தில் நேராக நடந்து வரும்.

இப்போது பல இடங்களில் தொங்கும் வேலி போடுகிறார்கள். உயரத்தில் இழுத்த கம்பியிலிருந்து மெல்லிய கம்பிகள் திரைச்சீலை போல் இறங்கி, தரைக்கு ஒரு மீட்டர் மேலே நிற்கும். புல் தொடாது, தள்ளக் கம்பம் கைக்கு எட்டாது. செலவு கூடுதல், ஆனால் களை எடுக்கும் வேலை குறைவு. தனித்தனியாகப் போடுவதை விட நாலைந்து பேர் சேர்ந்து ஒரே நீள வேலியாகப் போட்டு, பராமரிப்புக்கு ஒருவரைச் சம்பளத்துக்கு வைப்பது நீடிக்கும். யானையின் வலசைப் பாதையைக் குறுக்கே அடைத்தால் மட்டும் எந்த வேலியும் நிற்காது.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். எனர்ஜைசர் தருவது விநாடிக்கு ஒருமுறை வந்துபோகும் கண்ணிமைப்பொழுது துடிப்பு. அது சுடும், கொல்லாது. கம்பத்து மின்சாரத்தை நேராகக் கம்பியில் விட்டால் அது தொடர்ந்து பாய்ந்து, தொட்டதை விடாது. 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே மூன்று யானைகள் ஒரே இடத்தில் செத்தது அப்படித்தான். பன்றிக்கு வைத்த கம்பியில் வைத்தவரே சாவதும் உண்டு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இன்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம் இது. தமிழ்நாட்டில் 2023 முதல் மின்வேலிகளுக்குத் தனி விதிகளும் உள்ளன; காட்டை ஒட்டிய நிலத்தில் வேலியைப் பதிவு செய்ய வேண்டும். உங்கள் வேலி பதிவானதா என்று வனச்சரக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மிளகாய்ப் புகை, பட்டாசு?
— வாசகர், ஆனைகட்டி

சாணத்தோடு மிளகாய்த்தூள் பிசைந்து காயவைத்து எரிக்கும் புகை, காற்று யானைப் பக்கம் வீசும்வரை உதவும். காற்று திரும்பினால் இருமுவது நீங்கள். பட்டாசு முதல் வாரம் வேலை செய்யும், பிறகு யானை பழகிவிடும். நாலு பக்கமும் ஆள் நின்று வெடிப்பதுதான் உயிருக்கு ஆபத்து. எந்தப் பக்கம் காடோ அந்தப் பக்கத்தைக் காலியாக விட்டு, மற்ற பக்கங்களிலிருந்து மட்டும் சத்தம் கொடுக்க வேண்டும். பன்றிக்கென்று அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டுவெடி) வைப்பது குற்றம். வாய் சிதறிப் பட்டினியில் சாவது பெரும்பாலும் யானைக்கன்றும் ஊர்மாடும் நாயும்.

வீட்டு வாசலில் காட்டெருமை படுத்திருக்கிறது. சாதுவாகத்தான் தெரிகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பக்கத்திலேயே நடந்துபோகிறார்கள். பரவாயில்லையா?
— வாசகி, கோத்தகிரி

வேண்டாம். வளர்ந்த ஆண் 800 கிலோவைத் தாண்டும். படுத்த இடத்திலிருந்து எழுந்து பாய அதற்கு இரண்டு விநாடி போதும். மூச்சைச் சீறி விடுவது, தலையைத் தாழ்த்துவது, உடலைப் பக்கவாட்டில் திருப்பித் தன் பருமனைக் காட்டுவது எல்லாம் எச்சரிக்கை. பக்கவாட்டில் நிற்பதைப் பார்த்து "நம்மைக் கவனிக்கவில்லை" என்று நினைத்துப் பக்கத்தில் போகிறவர்கள்தான் குத்துப்படுகிறார்கள்.

முப்பது மீட்டராவது விடுங்கள். காட்டெருமை (காட்டுமாடு) மிரள்வது அதன் வழி அடைபடும்போது. கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் போன்ற ஊர்களில் இரண்டு மதில்களுக்கு நடுவே உள்ள படிக்கட்டுச் சந்துகளில்தான் விபத்து நடக்கிறது. மேலே மாடு, கீழே நீங்கள் என்றால் திரும்பி இறங்கி வழியை விடுங்கள். நாயைக் கட்டிப் போடுங்கள். நாய் குரைத்து மாட்டைக் கிளப்பிவிட்டு உங்கள் காலடிக்கு ஓடிவரும், பின்னால் மாடும் வரும். முட்டைக்கோசுத் தோலை, காய்கறிக் கழிவை வாசலில் கொட்டாதீர்கள்.

லயன் வீடுகளை (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சுற்றிச் சிறுத்தை நடமாட்டம். சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். கூண்டு வைக்கச் சொல்லிப் போராடுகிறோம். சரிதானே?
— தோட்டத் தொழிலாளி, வால்பாறை

ஆளைத் தாக்கிய சிறுத்தைக்குக் கூண்டு வைப்பது வேறு. நடமாடும் சிறுத்தையையெல்லாம் பிடித்து வேறிடத்தில் விடுவது நிலைமையை மோசமாக்கும். மகாராஷ்டிரத்தின் ஜுன்னார் பகுதியில் அப்படிப் பிடித்து அருகிலுள்ள காடுகளில் விடத் தொடங்கிய பிறகு, ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த மனிதர் மீதான தாக்குதல் 17 ஆக உயர்ந்ததை வித்யா ஆத்ரேயா குழுவினர் ஆராய்ந்து பதிவு செய்திருக்கிறார்கள். அடைபட்டு, வெருண்டு, தெரியாத இடத்தில் விடப்பட்ட சிறுத்தை அமைதியாக இருப்பதில்லை.

உங்கள் போராட்டத்தில் கேட்க வேண்டியவை வேறு: வீட்டுக்குள்ளேயே கழிப்பறை, வரிசை முழுக்க எரியும் தெருவிளக்கு, வீட்டைச் சுற்றி இருபது, முப்பது மீட்டர் புதர் நீக்கம், கோழிக் கழிவை உடனுக்குடன் அகற்றுவது. கழிவு இருந்தால் நாய் சேரும். நாய் இருந்தால் சிறுத்தை வரும். இவற்றைத் தர வேண்டியது தோட்ட நிர்வாகம்.

மாலை ஆறு மணிக்கு மேல் பிள்ளைகள் தனியாக வெளியே இருக்கக் கூடாது; பெரியவர் திண்ணையில் இருந்தால் போதாது, கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சிறுத்தையின் கண்ணுக்கு உயரம் குறைந்த உருவம் இரை. குனிந்து துணி துவைப்பவர், குந்தியிருப்பவர், குழந்தை ஆகியோர் அந்தக் கணக்கில் வருகிறார்கள். நேரில் பார்த்தால் ஓடாதீர்கள், முதுகு காட்டாதீர்கள், உட்காராதீர்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு, கையை உயர்த்திச் சத்தம் போட்டபடி பின்னோக்கி நடங்கள். ஆட்டுப்பட்டியின் மேற்புறமும் வலையால் மூடியிருக்க வேண்டும். சுவர் மட்டும் எட்டடி வைத்தால் சிறுத்தை தாண்டிவிடும்.

வீட்டுக்குள் புகுந்துவிட்டால் கதவை வெளியே தாழிட்டு ஆட்களை அப்புறப்படுத்தி வனத்துறைக்குச் சொல்லுங்கள். ஜன்னல் வழியே படம் எடுக்கப் போனவர்கள் முகம் கிழிந்து திரும்பியிருக்கிறார்கள். கொழுந்து பறிக்கும்போது செடிக்கடியில் குட்டிகளைப் பார்த்தால் தொடாமல், அந்தப் பாத்தியை விட்டு எல்லோரும் விலகுங்கள். தாய் இரவில் வந்து தூக்கிப் போகும். குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால் தாய் ஊரைச் சுற்றும்.

கரடிக்குச் செத்தவன்போல் கிடக்க வேண்டுமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

தொலைவில் பார்த்தால் மெல்லப் பின்வாங்குங்கள். கரடி மேலே விழுந்தே விட்டால் மட்டும் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடி, முழங்கையால் முகத்தின் பக்கங்களை மறையுங்கள். நம் ஊர்க் கரடி குறிவைப்பது தலையையும் முகத்தையும். புரட்டினாலும் மறுபடி குப்புறக் கிடக்கப் பாருங்கள். மரமேறித் தப்ப நினைக்காதீர்கள், அதுவும் ஏறும்.

கரையான் புற்றைத் தோண்டும்போது அதற்கு வேறெதுவும் கேட்காது. பத்தடியில் உங்களைக் கண்டதும் பயத்தில் பாயும். விடியற்காலையில் விறகுக்கோ வெளிக்கோ போகும்போது பேசிக்கொண்டு, தடியால் தட்டிக்கொண்டு போங்கள். கோயிலில் விளக்கெண்ணெயையும் படையல் பழத்தையும் இரவில் விட்டுவைக்காதீர்கள்.

காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். ரத்தம் பெருகினால் முதலில் சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள். மஞ்சள், காப்பித்தூள் வேண்டாம். எந்தக் காட்டு விலங்கு கடித்தாலும் ரேபிஸ் தடுப்பூசி, டெட்டனஸ் ஊசி இரண்டும் தேவை. தோல் கிழிந்த காயத்துக்கு ரேபிஸ் இம்யூனோகுளோபுலினும் (உடனடி எதிர்ப்புச் சக்தி தரும் ஊசி) கேட்டு வாங்குங்கள்.

பழைய கொள்ளிடத்தில் முதலை. ஆற்றை விட்டால் எங்களுக்குக் குளிக்க, துவைக்க வேறு இடமில்லை.
— வாசகி, சிதம்பரம் வட்டாரம்

முதலை ஒரு துறையில் தினமும் ஒரே நேரத்தில் யார் வருகிறார்கள் என்று கவனிக்கும் விலங்கு. அந்திக்குப் பின் இறங்காதீர்கள். கயிறு கட்டிய வாளியால் மொண்டு, கரையிலிருந்து ஐந்து மீட்டர் மேலே வைத்துத் துவையுங்கள். மீன் அலசுவதும் கறிக்கழிவு கொட்டுவதும் துறையில் வேண்டாம். தண்ணீருக்குள் உட்கார்ந்து கையால் தடவி மீன், இறால் பிடிப்பது மிக ஆபத்து. பிப்ரவரி முதல் கோடை முடியும்வரை மணல்கரையில் முட்டையைக் காக்கும் தாய் இருக்கலாம். வெள்ளம் வடிந்தபின் குட்டை, வாய்க்காலிலும் எதிர்பாருங்கள்.

இலங்கையில் ஆற்றுத் துறைகளைச் சுற்றி அரண் கட்டி அதற்குள் குளிக்கிறார்கள். கம்பு அல்லது இரும்பு வலை ஆற்றடித் தரையில் பதிந்து, வெள்ள மட்டத்துக்கு மேலே நீள வேண்டும். அடியில் மண் அரித்து ஓட்டை விழுந்தால் முதலை உள்ளேயே மாட்டியிருக்கும். எனவே இறங்குமுன் தினமும் கழியால் சுற்றிக் குத்திப் பார்க்க வேண்டும். ஊராட்சியிடம் கேட்டு வாங்கத் தகுந்த வேலை இது.

நிவாரணம் கேட்டால் அலைய விடுகிறார்கள். என்னென்ன வேண்டும்?
— பலர்

செத்த மாட்டையோ ஆட்டையோ நகர்த்தாதீர்கள், புதைக்காதீர்கள். காலடித் தடத்தின்மேல் கூடையைக் கவிழ்த்து வையுங்கள். அன்றே வனவரிடமோ வனச்சரக அலுவலகத்திலோ எழுத்தில் கொடுத்து, ஒப்புதல் பெற்ற நகலை வாங்குங்கள். கைப்பேசியில் தேதி தெரியும்படி படம் எடுங்கள். ஒரு படத்தில் வீடோ எல்லைக்கல்லோ தெரியட்டும். கால்நடைக்கு அரசுக் கால்நடை மருத்துவரின் சான்று, பயிருக்கு வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலரின் மதிப்பீடு, நிலத்துக்குச் சிட்டா, அடங்கல், கிராம நிர்வாக அலுவலர் சான்று, வங்கிப் புத்தக நகல் வேண்டும். ஆளுக்குக் காயமென்றால் அரசு மருத்துவமனையின் காயச் சான்றில் காட்டு விலங்கு தாக்கியது என்று எழுதியிருக்கிறதா என்று வார்டை விட்டு வருமுன் பாருங்கள். "கீழே விழுந்தார்" என்று எழுதிவிட்டால் பிறகு திருத்துவது பெரும்பாடு. குத்தகை நிலமென்றால் நில உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தையும் பயிர் போடும்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.